நகரும் கப்பலில் இறங்கும் விமானிகள்: போரைவிட இறக்கம்தான் கடினமா?

தென்காசி முருகேசன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. என் தங்கை மகன் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். கடற்படையில் போர் விமானி ஆக வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு பேச்சே இல்லை. நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ரமாதித்யாவில் மிக்-29கே போர் விமானம் இறங்கும் காணொளி ஒன்றைக் காட்டி ஒரு கேள்வி கேட்டான். சக்கரம் டெக்கைத் தொட்ட அந்த நொடியில் எஞ்சின் சத்தம் குறையாமல் இன்னும் கூடுகிறதே, நிற்கப்போகிற விமானத்துக்கு எதற்கு அவ்வளவு விசை?

இன்னொன்று. விமானந்தாங்கிக் கப்பலில் பறப்பவர்களுக்குச் சண்டையைவிட இறங்குவதுதான் பயம் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். 1971 போரில் பழைய விக்ராந்த் கப்பலிலிருந்து பறந்தவர்களுக்கும் அப்படித்தானா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கள். நான் இதை அப்படியே அவனிடம் காட்டப்போகிறேன்.

---

பழைய கடலோடி

முருகேசன் தம்பி, உங்கள் மருமகனுக்கு நல்ல காது. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறான். நான் விராட் கப்பலில் விமானப் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன். மிக்-29கே வந்த காலத்தில் எனக்கு ஓய்வுக்காலம் நெருங்கிவிட்டது. ஆனால் அடிப்படை எல்லாக் கப்பலுக்கும் ஒன்றுதான்.

விக்ரமாதித்யா டெக்கின் பின்பகுதியில் குறுக்கே மூன்று எஃகு வடங்கள் இருக்கும். விமானத்தின் வாலுக்கடியில் தொங்கும் கொக்கி அதில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் மணிக்கு சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் வந்த விமானம் இரண்டரை விநாடியில், 90 மீட்டருக்குள் நின்றுவிடும். பிடிக்காவிட்டால்? கொக்கி டெக்கில் பட்டு எகிறி மூன்று வடத்தையும் தாண்டிவிடுவது உண்டு. "பிடிக்கவில்லை" என்று விமானி உணர்ந்து அப்புறம் த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டும் தண்டை) தள்ளினால் ஜெட் எஞ்சின் முழு விசைக்கு வருவதற்குள் டெக் முடிந்து கடல் வந்துவிடும். அதனால் தொட்ட உடனே த்ராட்டிலை முழுவதும் முன்னே தள்ளிவிடுவார்கள். இந்த முறை கொக்கி மாட்டாது என்று வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் இறங்குகிறார்கள். மாட்டிவிட்டால் வடம் இழுத்து நிறுத்தும், அப்போது விசையைக் குறைப்பார்கள். மாட்டாவிட்டால் அதே வேகத்தில் மறுபடி மேலே ஏறி ஒரு சுற்று சுற்றி வருவார்கள். இதை போல்ட்டர் என்பார்கள்.

மீதியை நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

---

மீனா ஓசூர்

கடலோடி அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் இயந்திர வடிவமைப்பு வேலையில் இருப்பதால் இதில் எனக்குத் தனி ஆர்வம்.

நாம் பயணம் செய்யும் விமானம் தரையைத் தொடும் முன் மூக்கைக் கொஞ்சம் உயர்த்தி, இறங்கும் வேகத்தைக் குறைத்து, மெதுவாகச் சக்கரத்தை வைக்கும். கப்பலில் அதற்கு இடமே இல்லை. மூக்கை உயர்த்தினால் விமானம் சில பத்து மீட்டர் தள்ளிப் போய் இறங்கும். அதற்குள் மூன்று வடமும் பின்னால் போய்விடும். அதனால் ஒரே சரிவில், ஒரே வேகத்தில், கடைசி நொடி வரை எதையும் மாற்றாமல் வந்து மோதுவது போலத்தான் இறங்குகிறார்கள். நம் நாட்டுத் தேஜஸ் போர் விமானத்தின் கடற்படை வடிவத்தை விநாடிக்கு 7 மீட்டருக்கு மேற்பட்ட இறங்கு வேகத்தைத் தாங்கும்படி வடிவமைத்தார்கள். இதற்காகச் சக்கரக் கால்களையே புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. விமானிக்கு டெக் தெரிய வேண்டும் என்பதற்காக மூக்குப் பகுதியையும் கீழ்நோக்கிச் சாய்த்தார்கள்.

அந்த விமானம் 2019 செப்டம்பர் 13 அன்று கோவாவில் ஐ.என்.எஸ். ஹன்ஸா தளத்தில் முதல்முறையாக வடம் பிடித்து நின்றது. அங்கே கரையிலேயே கப்பல் டெக் மாதிரி ஒரு சோதனைத் தளம் கட்டியிருக்கிறார்கள், ஏறுமுகச் சரிவும் வடமும் எல்லாம் உண்டு. 2020 ஜனவரி 11 அன்று விக்ரமாதித்யாவில் இறங்கியது. ஓட்டியவர் கொமடோர் ஜெய்தீப் மாவ்லங்கர். அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் நான்கு மாதம் இருக்கிறது. கரையில் உள்ள டெக் ஆடாது, கப்பல் ஆடும். அந்த இடைவெளிக்காகத்தான் அத்தனை மாதம்.

---

வரலாற்றுப் பிரியன்

இந்த இறக்கம் படிப்படியாக எப்படி உருவானது என்று பார்த்தால் விமானிகள் என்ன விலை கொடுத்தார்கள் என்பது புரியும்.

1911 ஜனவரி 18 அன்று யூஜின் எலி என்பவர் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் யு.எஸ்.எஸ். பென்சில்வேனியா கப்பலின் மேல் கட்டிய மரத்தளத்தில் இறங்கினார். இரண்டு முனையிலும் மணல் மூட்டை கட்டிய கயிறுகளைக் கொக்கி பிடித்து இழுத்து நின்றது. கப்பல் அப்போது நங்கூரத்தில் இருந்தது. ஓடும் கப்பலில் முதலில் இறங்கியவர் பிரிட்டனின் எட்வின் டன்னிங். 1917 ஆகஸ்ட் 2 அன்று எச்.எம்.எஸ். ஃப்யூரியஸ் கப்பலில் அவர் இறங்கியபோது கீழே நின்ற மாலுமிகள் விமானத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்கள். ஐந்து நாள் கழித்து மறுபடி முயன்றபோது விமானம் பக்கவாட்டில் கடலில் விழுந்து அவர் இறந்துபோனார்.

ஜெட் வந்த பிறகு வேகம் கூடியது, விபத்தும் கூடியது. அப்போது பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து மூன்று யோசனைகள் வந்தன: இறங்கும் பாதை கப்பலின் நேர்கோட்டிலிருந்து சற்றுத் திரும்பியிருக்கும் டெக், விமானத்தை முன்னே வீசிப் புறப்பட வைக்கும் நீராவி காட்டபுல்ட், கண்ணாடி வழிகாட்டி. கண்ணாடி யோசனை நிக்கோலஸ் குட்ஹார்ட் என்பவருடையது. கைக்கண்ணாடியில் உதட்டுச்சாயத்தால் ஒரு கோடு போட்டு அதை விளக்கிக் காட்டினார் என்று சொல்வார்கள். விமானி பார்க்க வேண்டியது ஒரே ஒரு ஒளிப்புள்ளி. அது கோட்டுக்கு மேலே தெரிந்தால் உயரமாக வருகிறார், கீழே தெரிந்தால் தாழ்வாக வருகிறார். இன்றைய கப்பல்களில் கண்ணாடிக்குப் பதில் லென்ஸ் விளக்குகள் இருக்கின்றன. பார்க்கும் முறை மட்டும் மாறவில்லை.

நம் பழைய விக்ராந்துக்கு இந்த மூன்றும் இருந்தன. 1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்டில் கடற்படையில் சேர்ந்தது. அதே ஆண்டு மே 18 அன்று அதன் டெக்கில் முதல் ஜெட்டை இறக்கியவர் லெப்டினன்ட் தஹிலியானி. பின்னாளில், 1984 முதல் 1987 வரை, கடற்படைத் தளபதியாக இருந்த அதே ஆர்.எச். தஹிலியானிதான்.

கோவை நண்பர்களுக்கு ஒரு செய்தி: ஐ.என்.எஸ். ஹன்ஸா முதலில் கோவாவில் இல்லை, சூலூரில் இருந்தது. விக்ராந்தின் சீ ஹாக் ஜெட் போர் விமானங்களும், நீர்மூழ்கிகளைத் தேடும் அலிஸே விமானங்களும் அங்கேதான் கரையில் தங்கின. கோவா விடுதலைக்குப் பிறகுதான் டபோலிமுக்கு மாறியது.

---

கொங்குப் பார்வை

சூலூர் தகவலுக்கு நன்றி, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் 1971 பற்றி ஒரு மாற்றுக் கருத்து. விக்ராந்தின் பங்கை நாம் கொஞ்சம் பெரிதாக்கிப் பேசுகிறோம் என்பது என் எண்ணம். கிழக்கு பாகிஸ்தானில் இருந்தது டாக்காவில் ஒரே ஒரு சேபர் போர் விமானப் படைப்பிரிவுதான். அதன் ஓடுதளத்தையும் நம் விமானப்படை சில நாட்களிலேயே குண்டு போட்டு முடக்கிவிட்டது. வானத்தில் எதிரியே இல்லாத இடத்தில் சீ ஹாக் பறந்ததை மிராஜ், சேபர்களோடு மேற்கில் மோதியவர்களுக்குச் சமமாகச் சொல்ல முடியுமா? விமானிகளின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. போரின் கணக்கில் அதன் இடம் என்ன என்று கேட்கிறேன்.

---

வரலாற்றுப் பிரியன்

//வானத்தில் எதிரியே இல்லாத இடத்தில்//

வானத்தில் இல்லை என்பது சரி. கீழே விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இருந்தன. அதைவிட முக்கியம், அந்த விமானிகளுக்குப் பெரிய சிக்கல் அவர்கள் கப்பலிலேயே இருந்தது. முருகேசன் கேட்ட இரண்டாவது கேள்விக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது, அதனால் விரிவாக எழுதுகிறேன்.

போருக்கு முன்பே விக்ராந்தின் கொதிகலன்களில் ஒன்றில் விரிசல் விழுந்துவிட்டது. 24 நாட் (மணிக்கு 24 கடல்மைல்) வேகத்துக்கு மேல் போக வேண்டிய கப்பல் சுமார் 16 நாட்டோடு நின்றது. இந்த வேகத்துக்கும் விமானிக்கும் என்ன தொடர்பு? விமானங்கள் ஏறி இறங்கும்போது கப்பல் காற்றை எதிர்த்து ஓடும். கப்பலின் வேகமும் எதிர்க்காற்றும் சேர்ந்து டெக்கின் மேல் ஒரு காற்றை உண்டாக்கும். விமானம் 120 நாட்டில் வருகிறது, டெக்கின் மேல் காற்று 30 நாட் என்றால் வடத்தைப் பிடிக்கும்போது வித்தியாசம் 90தான். கப்பல் 8 நாட் மெதுவாகப் போனால் அந்த 8 நாட்டும் விமானியின் கணக்கில்தான் ஏறும். வடத்தின் இழுவை அதிகம், பிழைக்கு இடம் குறைவு. டிசம்பரில் வங்காள விரிகுடாவில் காற்று லேசாகத்தான் இருக்கும், அதுவும் கைகொடுக்கவில்லை. புறப்பாட்டிலும் இதே கதை. காட்டபுல்டுக்கான நீராவியும் அதே கொதிகலன்களிலிருந்துதான் வர வேண்டும்.

இந்த நிலையில் கப்பலைப் போருக்கே அனுப்பக் கூடாது என்ற வாதம் இருந்தது. கொதிகலனைப் பட்டை போட்டு இறுக்கி, விரிசல் உள்ளதை அணைத்து வைத்து, கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ் கப்பலை எடுத்துச் சென்றார். டிசம்பர் 4 காலை காக்ஸ் பஜாரிலிருந்து 60 கடல்மைல் தொலைவில் எட்டு சீ ஹாக்குகள் கிளம்பின. படைப்பிரிவுத் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் எஸ்.கே. குப்தா. அன்று மாலையே சிட்டகாங். அப்புறம் குல்னா, மோங்லா. இரவில் அலிஸேக்கள் போயின. இருக்கையும் ஒன்று, எஞ்சினும் ஒன்று என்று 1940களில் வடிவமைத்த விமானம் சீ ஹாக். நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போய்வந்தும் ஒரு விமானத்தைக்கூட இழக்கவில்லை. ஸ்வராஜ் பிரகாஷ், குப்தா இருவருக்கும் மகாவீர் சக்ரா கிடைத்தது.

துறைமுகங்கள் அடைபட்டதால் கடல் வழியாகத் தப்பவும் முடியாமல், துணைப்படை வரவும் முடியாமல் போனதே, அதைப் போரின் கணக்கில் எங்கே வைப்பீர்கள்?

---

கொங்குப் பார்வை

கொதிகலன் விஷயம் கனமானது, ஏற்கிறேன். ஆனாலும் துறைமுக முற்றுகையில் மற்ற போர்க்கப்பல்களுக்கும் பங்கு உண்டு. டாக்காவின் சரணடைவைத் தீர்மானித்தது தரைப்படையின் வேகம் என்பதில் நான் மாறவில்லை. இதற்குத் தனி இழை தொடங்கலாம், இங்கே விமானிகளைப் பற்றியே பேசுவோம்.

---

மரு. இளவரசி

சண்டையா இறக்கமா என்ற கேள்விக்கு மருத்துவப் பக்கத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. வியட்நாம் போரின்போது அமெரிக்கக் கடற்படை விமானிகளின் உடலில் கருவி பொருத்தி இதயத்துடிப்பைப் பதிவு செய்தார்கள். குண்டு வீசும் நேரத்தைவிடக் கப்பலில் இறங்கும் நேரத்தில் துடிப்பு கூடுதலாக இருந்தது. இதைப் படிக்கும்போது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. குண்டுவீச்சில் எதிரி தவறவிடலாம். இறக்கத்தில் முழுக் கணக்கும் அவர் கையிலேயே இருக்கிறது.

இரவில் இன்னும் மோசம். நிலா இல்லாத கடலில் அடிவானம் தெரியாது. வானமும் தண்ணீரும் ஒரே கறுப்பு. நம் காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு வேகமான முடுக்கத்தையும் சாய்வையும் பிரித்தறியத் தெரியாதது. காட்டபுல்ட் இரண்டு விநாடியில் விமானத்தை வீசும்போது "மூக்கு மேலே தூக்குகிறது" என்று உடல் பொய் சொல்லும். அதை நம்பி விமானி மூக்கைக் கீழே தள்ளினால் நேரே கடல். இப்படி இறந்தவர்கள் உண்டு. அமெரிக்கக் கடற்படையின் சூப்பர் ஹார்னெட் விமானி காட்டபுல்ட் புறப்பாட்டில் வலது கையால் கட்டுப்பாட்டுத் தண்டைத் தொடவே மாட்டார். மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். மூக்கைத் தூக்கும் வேலையைக் கணினி செய்யும். கை வெளியே தெரிந்தால்தான் விமானத்தை விடுவார்கள்.

தன் உடல் சொல்வதை நம்பாமல் கருவி காட்டுவதை நம்பப் பழகுவதுதான் இந்தப் பயிற்சியின் கடினமான பகுதி என்று நினைக்கிறேன். புத்தகத்தில் படித்தால் வந்துவிடாது.

---

மீனா ஓசூர்

டாக்டர், நம் கப்பல்களில் இப்போது காட்டபுல்ட் இல்லை. விக்ரமாதித்யாவும் புது விக்ராந்தும் முனையில் 14 டிகிரி வளைந்து மேலே ஏறும் ஸ்கி ஜம்ப் கொண்டவை. சக்கரத்தைத் தடுப்பு பிடித்திருக்க, விமானி ஆஃப்டர்பர்னரை (எஞ்சினுக்குக் கூடுதல் விசை தரும் ஏற்பாட்டை) முழுக்கப் போடுவார். தடுப்பு விலகியதும் ஓட்டம். வளைவைத் தாண்டும்போது விமானத்துக்குப் பறக்கப் போதுமான வேகம் இன்னும் வந்திருக்காது! வளைவு கொடுத்த ஏற்றத்தில் மேலே போய்க்கொண்டிருக்கும் அந்தச் சில விநாடிகளில்தான் மீதி வேகத்தைச் சேர்க்கிறது. எடை கூடினால் இது முடியாது. அதனால் எரிபொருளையோ ஆயுதத்தையோ குறைக்க வேண்டியிருக்கும்.

2025 ஏப்ரலில் 26 ரஃபேல் எம் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அது காட்டபுல்டுக்காகவே பிறந்த விமானம். நம் ஏறுமுகச் சரிவில் கிளம்புமா என்பதை 2022லேயே கோவா சோதனைத் தளத்தில் செய்து காட்டிவிட்டார்கள்.

---

பழைய கடலோடி

நேரம் கிடைத்தது, விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். நான் பார்த்தது ஹாரியர். வடமும் கிடையாது, கொக்கியும் கிடையாது.

சீ ஹாரியர் கப்பலின் இடது பக்கம் வந்து, கப்பல் ஓடும் அதே வேகத்தில் அந்தரத்தில் நிற்கும். அப்புறம் பக்கவாட்டில் நகர்ந்து டெக்கின் மேல் வந்து, விசையைக் குறைத்து, தொப்பென்று உட்காரும். பார்க்கச் சுலபம் போலத் தெரியும். வெயில் காலத்தில் அது எவ்வளவு கஷ்டம் என்பது பராமரிப்பில் இருந்த எங்களுக்குத் தெரியும். காற்று சூடாக இருந்தால் எஞ்சினின் தாங்கும் சக்தி குறையும். விமானத்தின் மொத்த எடையையும் எஞ்சின் மட்டுமே தூக்கி நிற்க வேண்டும். அதற்காக எஞ்சினுக்குள் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். அந்தத் தண்ணீர் சுமார் ஒன்றரை நிமிடம்தான் வரும். அதற்குள் இறங்கிவிட வேண்டும். எரிபொருள் அதிகம் இருந்தால் எடை கூடுதல், நிற்க முடியாது. குறைவாக இருந்தால் இரண்டாவது முயற்சிக்கு வழியில்லை. அந்தக் குறுகலான இடைவெளிக்குள்தான் வந்து சேர்வார்கள்.

கீழே இருப்பவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். பறப்பு தொடங்கும் முன் நாங்கள் எல்லோரும், அதிகாரி மாலுமி வேறுபாடு இல்லாமல், டெக்கின் அகலத்துக்கு வரிசையாக நின்று குனிந்து பார்த்தபடி நடப்போம். ஒரு திருகாணி, ஒரு கம்பித்துண்டு, ஒரு கூழாங்கல் கிடந்தாலும் எடுத்துவிட வேண்டும். எஞ்சின் அதை உறிஞ்சினால் விமானமும் போகும், ஆளும் போகும். விமானி எங்களில் பலருக்கு முகம் தெரிந்தவர். காலையில் மெஸ்ஸில் பார்த்தவர், நம் கைவேலையை நம்பி ஏறி உட்காருகிறார் என்ற நினைப்பு அந்த நடையில் எப்போதும் இருக்கும். அவர் கிளம்பிப் போனபின் திரும்பி வரும் வரை டெக்கில் பேச்சு குறைந்துதான் இருக்கும்.

இறங்கும்போது ஒளிப்புள்ளி மட்டும் போதாது. டெக்கின் ஓரத்தில் எல்.எஸ்.ஓ. என்று இறங்கும் விமானிக்கு வழிகாட்டும் ஒரு அதிகாரி நிற்பார், அவரும் விமானிதான். வடம் பிடிக்கும் கப்பல்களில் இவர் சொல்லே இறுதி. "போ" என்றால் விமானி எதையும் யோசிக்காமல் மேலே ஏறிவிட வேண்டும், பதவி எவ்வளவு பெரியதாக இருந்தாலும்.

---

செல்வி ராமநாதபுரம்

எல்லாம் படிக்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் ஒரு தாயாகக் கேட்கிறேன், விழுந்துவிட்டால் என்ன ஆகும்? 2020இல் கோவா பக்கம் ஒரு விமானம் விழுந்து, ஒரு விமானியைப் பல நாள் தேடினார்களே, அந்தச் செய்தி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

---

பழைய கடலோடி

ஆமாம் அம்மா. 2020 நவம்பர் 26, மிக்-29கே பயிற்சி விமானம். ஒருவரை உயிரோடு மீட்டார்கள். இன்னொருவரின் உடல் 11 நாள் தேடலுக்குப் பிறகு கிடைத்தது. உங்களுக்குப் பொய் சொல்லி ஆறுதல் தர மாட்டேன். ஆபத்து இருக்கிறது.

இருக்கிற ஏற்பாட்டைச் சொல்கிறேன். விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு ஹெலிகாப்டர் பறந்துகொண்டே இருக்கும். எங்கள் காலத்தில் சேத்தக். உள்ளே முக்குளிப்பாளர் தயாராக உட்கார்ந்திருப்பார். விமானி இருக்கையோடு வெளியேறினால் சில நிமிடங்களில் ஹெலிகாப்டர் அவருக்கு மேலே போய் நிற்கும். டெக்குக்கு அருகே விழுந்தவர்கள் பிழைக்கும் வாய்ப்பு நல்லது. தொலைவில், தாழ்வாகப் பறக்கும்போது நேர்ந்தால்தான் கடினம். கடற்படை ஹெலிகாப்டர் விமானிகளுக்கான பயிற்சிப் பள்ளி நம் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளியில் இருக்கிறது. போர் விமானிகளைத் தண்ணீரிலிருந்து தூக்கும் பலர் அங்கே பழகியவர்கள்தான்.

---

தென்காசி முருகேசன்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மருமகன் முழு இழையையும் உட்கார்ந்து படித்தான். செல்வி அக்காவின் கேள்வியையும் கடலோடி அண்ணனின் பதிலையும் என் தங்கையும் படித்தாள். படித்துவிட்டு, "போகட்டும், ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டு போகட்டும்" என்றாள். அவனுக்கு இப்போது இரண்டு கேள்விகள். பெண்களும் இதில் வரலாமா என்று அவன் வகுப்புத் தோழி கேட்கிறாளாம். இந்தப் பழைய விமானங்களை எங்கேயாவது பார்க்க முடியுமா?

---

மீனா ஓசூர்

வரலாம் என்று சொல்லுங்கள். 2025 ஜூலையில் சப்-லெப்டினன்ட் ஆஸ்தா பூனியா கடற்படையின் போர் விமானப் பிரிவுக்குத் தேர்வான முதல் பெண் ஆனார். அந்த விழா விசாகப்பட்டினம் ஐ.என்.எஸ். தேகாவில் நடந்தது. அதற்கு முன் 2019 டிசம்பரிலேயே ஷிவாங்கி டோர்னியர் விமானத்தில் முதல் பெண் கடற்படை விமானி ஆகிவிட்டார். அந்தப் பெண் கணிதமும் இயற்பியலும் விடாமல் படிக்கட்டும்.

---

வரலாற்றுப் பிரியன்

பழைய விக்ராந்தையும் விராட்டையும் உடைத்துவிட்டார்கள், இனிப் பார்க்க முடியாது. எனக்கு அதில் தீராத வருத்தம். ஆனால் கோவாவில் டபோலிமுக்குப் பக்கத்தில், போக்மலோ போகும் வழியில், கடற்படை விமான அருங்காட்சியகம் இருக்கிறது. சீ ஹாக், அலிஸே, சீ ஹாரியர் மூன்றும் வெளியிலேயே நிற்கின்றன. மருமகனை சீ ஹாக்கின் வாலுக்கடியில் குனிந்து கொக்கியைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் சீ ஹாரியருக்குப் போய், இறக்கையின் கீழே உடலோடு ஒட்டியிருக்கும் நான்கு சுழலும் புகைவாய்களையும் தேடச் சொல்லுங்கள். கடலோடி அண்ணன் எழுதியது அங்கே நின்று பார்த்தால் இன்னும் நன்றாக விளங்கும்.

---

பழைய கடலோடி

போகும்போது சொல்லுங்கள் தம்பி. அங்கே நிற்கும் விமானங்களில் எதை முதலில் பார்க்க வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று அவனுக்குப் போனிலேயே சொல்லிக் கொடுக்கிறேன்.